ஒரு கோடு, மூன்று புள்ளி

1

ஊரில் இருப்பவர்களுக்கு முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் யாருக்கும் முன்மாதிரி இல்லை. திருவண்ணாமலையிலிருந்து சிங்கப்பூருக்கு வந்து பதின்மூன்று வருடமாக வீட்டு வேலை செய்கிறவள். பத்தாம் வகுப்பு வரை படித்தவள். நாலு பேர் இருக்கும் இடத்தில் வாய் திறக்கக் கூச்சப்படுகிறவள். இதற்கு மேல் என்னைப் பற்றி அச்சில் எதைப் படித்திருந்தாலும் நம்ப வேண்டாம்.

இப்படிக் கோபமாக ஆரம்பிக்கக் காரணம் ஒரு புத்தகம்.

நான் இருக்கும் வீட்டில் ஒரு பெரியவர் இருக்கிறார். என் முதலாளியம்மாவின் அப்பா. துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்வு பெற்றவர். எண்பத்திரண்டு வயது. இடது கையும் காலும் வராது, சக்கர நாற்காலிதான். அவரை ஐயா என்று கூப்பிடுவேன். வெள்ளிக்கிழமைதோறும் அவரைத் தள்ளிக்கொண்டு எங்கள் பேட்டை நூலகத்துக்குப் போவேன். அங்கே தமிழுக்கு இரண்டு அலமாரி உண்டு. அவருக்குத் துப்பறியும் கதைகள் வேண்டும். எனக்கு, சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, முன்னேற்ற நூல்கள் வேண்டும்.

அன்று ஐயா ஒரு புத்தகத்தை மூக்கருகில் வைத்துப் படித்துக்கொண்டிருந்தார். திடீரென்று உரக்கச் சிரித்தார். நூலகத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். எனக்கு உடம்பு கூசியது.

“செல்வி, உன் தம்பி பேரு என்ன சொன்னே?”

“குமரேசனுங்க ஐயா.”

“திருவண்ணாமலைதானே?”

“ஆமாங்க.”

“அப்ப இந்த அறுபத்தஞ்சு கிலோ நான்தான். பாரு, என்னை எடை போட்டு புத்தகத்துல ஏத்திட்டான். நான் அறுபத்தொண்ணுதான் லா! போன மாசம் கிளினிக்ல பார்த்தாங்க இல்ல?”

வாங்கிப் பார்த்தேன். ‘உன் மலை, நீ ஏறு’ என்று தலைப்பு. அட்டையில் எங்கள் மலை. உச்சியில் கோட்டு போட்ட ஒருவர் கைகளை விரித்துக்கொண்டு நிற்கிறார். நான் பிறந்ததிலிருந்து பார்த்த மலை அது. கோட்டு போட்டுக்கொண்டு அதில் ஏறிய ஒருவரையும் நான் பார்த்ததில்லை. கீழே என் தம்பியின் பெயர்.

புத்தகம் எழுதுகிறேன் என்று தம்பி போனில் சொல்லியிருந்தான். “உன்னைப் பத்தியும் ரெண்டு வரி போட்டிருக்கேன்க்கா” என்றான். பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் டைப்ரைட்டிங் சொல்லிக்கொடுத்தவன், கம்ப்யூட்டர் வந்ததும் அதை மூடிவிட்டு, செங்கம் ரோட்டில் ஞாயிற்றுக்கிழமைகளில் தன்னம்பிக்கை வகுப்பு எடுக்கிறான். பிழைக்கட்டும் என்று நினைத்தேன்.

அவன் சொன்ன இரண்டு வரி பதினோரு பக்கம் இருந்தது.

2

இந்த வகைப் புத்தகங்களைத் திட்டுவதற்கு எனக்கு உரிமை உண்டு. எத்தனை படித்திருப்பேன் என்று எனக்கே தெரியாது.

எண்பத்தொன்பதில், முரளி என் வயிற்றில் இருந்தபோது, தேரடிப் பக்கம் ஒரு வாடகை நூலகத்தில் உட்கார்ந்திருந்தேன். புத்தகங்களுக்குப் பழுப்பு அட்டை போடுவதும், யார் எடுத்தார்கள் என்று நோட்டில் எழுதுவதும்தான் வேலை. அட்டை போடும்போதே படித்துவிடுவேன். உடல் வலிமைக்கு ஒன்று, மன வலிமைக்கு ஒன்று, கற்பனைத் திறனைக் கூர்மையாக்க ஒன்று, நண்பர்களைச் சம்பாதிக்க ஒன்று. கதைப் புத்தகங்களை எடுத்துப் போகிறவர்கள் நேராகக் கேட்டு வாங்கிப் போவார்கள். இதைக் கேட்பவர்கள் மட்டும் குரலைத் தாழ்த்திக்கொள்வார்கள். அதனாலேயே அவை எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரித் தோன்றின.

காலை ஐந்து மணிக்கு எழுந்தால் வெற்றி நிச்சயம் என்று ஒன்று சொன்னது. எங்கள் தெருவில் குழாயில் தண்ணீர் நாலு மணிக்கு வரும். நாங்கள் எல்லோரும் வருடக்கணக்காக நாலு மணிக்கு எழுந்திருக்கிறோம். தெருவோடு ஜெயித்திருக்க வேண்டும். கண்ணாடிக்கு முன்னால் நின்று “நான் வெல்வேன்” என்று பத்து முறை உரக்கச் சொல்லச் சொன்னது இன்னொன்று. எங்கள் வீட்டில் இருந்தது உள்ளங்கை அகலக் கண்ணாடி. அதில் ஒரு கண்ணும் பாதி மூக்கும் தெரியும். சுவருக்கு அந்தப் பக்கம் குடியிருந்தவர்கள் காதில் விழுமே என்று உதட்டை மட்டும் அசைத்துச் சொன்னேன். என் கணவர் பார்த்துவிட்டு, “இன்னாடி, மந்திரமா போடறே?” என்று கேட்டார். அடுத்த வருடம் அவர் வந்தவாசிப் பக்கம் இன்னொரு குடும்பம் வைத்துக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டார். மந்திரம் அவருக்குப் பலித்ததோ என்னவோ.

கூச்சத்தை ஒரு நோய் என்று எல்லாப் புத்தகமும் சொல்லும். அதுதான் எனக்கு நெடுநாள் உறுத்தல். நான் கூச்சப்படுகிறவளாகவே ஒரு குழந்தையைப் பெற்றேன், வேலைக்குப் போனேன், தேசம் விட்டுத் தேசம் வந்தேன். அதிகாலையில் எழுந்து குளிர்ந்த நீரில் குளித்து, தியானம் செய்து, ஒரு மணி நேரம் நடந்து, பிறகு லட்சியத்தைப் பற்றி எழுதச் சொல்கிறார்களே, அத்தனை நேரமும் அந்த வீட்டில் அடுப்பை யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்று ஒரு ஆசிரியராவது ஒரு வரி எழுதியிருக்கிறாரா? நான் தேடிப் பார்த்துவிட்டேன்.

ஆனாலும் விடாமல் படித்தேன். ஒரு புத்தகத்தில் இருந்த மூச்சுப் பயிற்சியால் முதுகு வலி கொஞ்சம் கம்மியானது, அதையும் மறைக்கக் கூடாது. இங்கே வந்த பிறகு இன்னும் ஜாஸ்தியாகப் படித்தேன். எழுதியவர் எனக்காகத்தான் எழுதியிருக்கிறார் என்று ஒரு நினைப்பு. நானே அதற்குள் சரக்காகப் போய் உட்காருவேன் என்று நினைக்கவில்லை.

3

தம்பி பொய் எழுதவில்லை. அதுதான் எரிச்சல். ஒவ்வொரு வரியும் நான் எழுதிய கடிதத்திலிருந்து எடுத்தது.

வெளிநாட்டுக் கடிதம் வந்தால் எங்கள் வீட்டில் அதைத் தனியாக யாரும் படிக்க மாட்டார்கள். தம்பி கூடத்தில் நின்று உரக்கப் படிப்பான். அவன் மனைவி சுமதி, பக்கத்து வீட்டார், வழியில் போகிறவர்கள், எல்லோரும் கேட்பார்கள். அது எனக்குத் தெரியும். அத்தனை பேர் காதில் விழப்போகும் கடிதத்தில் ஒரு கூச்சக்காரி என்ன எழுதுவாள்? நல்லதாக நாலு வரி எழுதுவேன்.

“எனக்குத் தனி அறை கொடுத்திருக்கிறார்கள்” என்று எழுதினேன். உண்மைதான். முதல் வீட்டில் சலவை இயந்திரம் வைத்த அறை. இயந்திரம் போக மிச்சம் இருந்த இடத்தில் பாய். தம்பி எழுதுகிறான்: ‘தனிமையைத் தவமாக்கிக்கொள்ளத் தனி அறை கேட்டுப் பெற்றார்.’

“வீட்டுச் சாவி என்னிடம்தான் இருக்கிறது” என்று எழுதினேன். இரண்டாவது வீட்டில், ஐயாவைக் கவனிக்க வந்த பிறகு. முதல் வீட்டில் சாவி என்ன, வாசல்படியே என்னிடம் இல்லை. இரண்டு வருடம் விடுமுறை நாள் கிடையாது. குப்பை கொட்டக் கீழே போவது ஒன்றுதான் வெளியே போவது. அதற்கும் “போயிட்டு வரேன்” என்பதை எனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் சொல்லிவிட்டுப் போவேன். அந்த வீட்டுப் பிள்ளைகள் அதைத் திருப்பிச் சொல்லிக் காட்டிச் சிரிப்பார்கள். குப்பை கொட்டப் போகிறவள் எதற்கு வருகிறேன் என்று சொல்கிறாள் என்று அவர்களுக்குப் புரியவில்லை. சொல்லாமல் போக எனக்கு வாய் வராது.

‘படைப்பாற்றல்’ என்ற பகுதியில் ஒரு தலைப்பு, ‘கோப்பையில் பூத்த இட்லி’. சிங்கப்பூரில் இட்லித் தட்டு கிடைக்காதாம், அக்கா காபிக் கோப்பையிலேயே இட்லி வார்த்துப் புதுமை செய்தாராம். தட்டு இல்லாததால் கோப்பையில் வார்த்தேன் என்று மட்டும்தான் எழுதியிருந்தேன். ஊரெல்லாம் இட்லித் தட்டு விற்கிறது. தேக்கா சந்தையில் மலைபோல் குவித்து வைத்திருக்கிறார்கள். முதல் வீட்டில் அவர்கள் பாத்திரத்தில் நான் எனக்கென்று சமைக்கக் கூடாது. காது உடைந்த கோப்பை ஒன்றை எனக்கு ஒதுக்கியிருந்தார்கள். டீயும் அதில்தான், சோறும் அதில்தான். ஒரு நாள் பசியில் மிஞ்சிய அரிசியை ஊறவைத்து அரைத்து அதிலேயே ஊற்றி, குக்கர் மேல் வைத்து வேகவைத்தேன். படைப்பாற்றல் என்று பெயர் வைக்கிற அளவுக்கு அதில் ஒன்றும் இல்லை. உள்ளே மாவாகவே இருந்தது. தின்றேன்.

‘மூன்று மொழிகளைக் கற்றுத் தேர்ந்தார்’ என்றும் இருக்கிறது. சீக்கிரம், துடை, தொடாதே, வேண்டாம், இங்கே வா. இவற்றை மூன்று மொழியில் சொன்னாலும் எனக்குப் புரியும். திருப்பிச் சொல்லும் வேலை எனக்கு இல்லாததால் அதற்கு மேல் கற்கவில்லை.

‘வலிமை’ பகுதியில் ஐயா வருகிறார். ‘உடற்பயிற்சிக் கூடம் போகாமலே தினமும் அறுபத்தைந்து கிலோ எடையைத் தூக்கும் இரும்புப் பெண்மணி.’ கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து குளியலறை, திரும்பக் கட்டில். ஐயா இதைப் படித்ததிலிருந்து, நான் அவரைத் தூக்கும்போதெல்லாம் “இரும்பு, மெதுவா” என்கிறார். அவர் கேலி எனக்குக் கோபம் தரவில்லை. அவரைத் தூக்கும்போது என் முதுகில் சுளுக்கு விழுவது அவருக்குத் தெரியும். விழுந்தால் கண்ணை மூடிக்கொண்டு, “மன்னிச்சுக்கம்மா” என்பார். புத்தகத்தில் எடைக்கு வாய் கிடையாது.

இவ்வளவையும் பொறுத்துக்கொண்டிருப்பேன். நூற்றுப் பதினான்காம் பக்கம் வந்தது.

அங்கே என் கடிதம் ஒன்றை அப்படியே போட்டிருந்தான். நான் வந்த முதல் வருடம் எழுதியது. ‘நான் இங்கே நலமாக இருக்கிறேன். யாரும் கவலைப்பட வேண்டாம். என் மனது உறுதியாக இருக்கிறது... எல்லாவற்றையும் சமாளிப்பேன்.’

நடுவில் மூன்று புள்ளி. அந்த இடத்தில் நான் என்ன எழுதியிருந்தேன் என்று எனக்கு நினைவிருக்கிறது. ‘முரளிக்கு விளக்கை அணைக்காமல் படுக்க வையுங்கள். இருட்டென்றால் பயப்படுவான். சாப்பிட அடம் பிடித்தால் அடிக்க வேண்டாம், அப்பளம் நொறுக்கிப் போட்டால் சாப்பிடுவான்.’

பதினோரு பக்கத்தையும் திரும்பத் திரும்பப் படித்தேன். தனி அறை இருக்கிறது. சாவி இருக்கிறது. இட்லி இருக்கிறது. ஐயாவின் எடைகூட இருக்கிறது. மூன்று வயதில் நான் தம்பி வீட்டில் விட்டுவிட்டு வந்த என் மகன் ஒரு வரியிலும் இல்லை.

4

முரளியை எழுத்தில் இல்லாமல் ஆக்கியது என் தம்பி மட்டுமல்ல. அவனுக்கு முன்னால் ஒருவர் செய்தார். அதற்கு நான் கையெழுத்துப் போட்டேன்.

தொண்ணூற்றிரண்டில் என்னை அனுப்பிய ஏஜென்ட் ஒரு படிவம் நிரப்பினார். உயரம், எடை, மதம், சமையல் தெரியுமா, நாய் என்றால் பயமா. ‘பிள்ளைகள்’ என்று ஒரு கட்டம். ஒன்று என்று எழுதப் போனேன். பேனாவைப் பிடித்துக்கொண்டார்.

“வேணாம்மா. சின்னக் குழந்தை இருக்குதுன்னா எடுக்க மாட்டாங்க. ராத்திரியெல்லாம் அழுவீங்க, லீவு கேப்பீங்கன்னு பயப்படுவாங்க.”

“இல்லைன்னு பொய் எழுத மாட்டேங்க.”

“பொய்யா எழுதச் சொன்னேன்? பூஜ்யம் போட்டாத்தான் பொய். ஒரு கோடு போடுங்க. கோடு போட்டா ஒண்ணும் சொல்லலைன்னு அர்த்தம்.”

எனக்கு அது நியாயமாகப் பட்டது. எங்களைப் போன்றவர்கள்தான் இப்படி ஏமாறுவோம். பொய் என்றால் பயப்படுவோம், கோடு என்றால் போட்டுவிடுவோம். சின்னதாக ஒரு கோடு போட்டேன்.

அந்தக் கோடு எத்தனை நீளம் என்று இங்கே வந்த பிறகு தெரிந்தது. முதல் வீட்டில் மூன்று வயதில் ஒரு குழந்தை இருந்தது. குளிப்பாட்டித் தலை துவட்டியதைப் பார்த்து அந்த அம்மா, “உனக்குப் பழக்கம் இருக்கிறதே?” என்று கேட்டாள். “அக்கா பையனை வளர்த்தேன்” என்றேன். எனக்கு அக்கா கிடையாது. சொன்ன பிறகு நாள் முழுவதும் அந்த இல்லாத அக்காவின் மேல் பொறாமையாக இருந்தது.

எட்டு மாதத்தில் ஊரிலிருந்து கடிதம் வந்தது. முரளிக்கு டைபாய்டு, ஆஸ்பத்திரியில் படுக்கை. கடிதம் கிளம்பிப் பத்து நாள் ஆகியிருந்தது. ஒரு போன் பேச அனுமதி கேட்க வேண்டும். யாருக்கு உடம்பு சரியில்லை என்று கேட்பார்கள். என்னவென்று சொல்வேன்? கோடு போட்ட பிள்ளைக்கு எப்படிக் காய்ச்சல் வரும்? கடிதத்தை மடித்துப் பாய்க்குக் கீழே வைத்துவிட்டுத் துணி மடித்தேன். அவன் தேறிவிட்டான் என்று அடுத்த கடிதம் வர இன்னும் மூன்று வாரம் ஆனது. ஆறு மாதத்துக்கு ஒரு முறை மருத்துவரிடம் அழைத்துப் போவார்கள், வயிற்றில் பிள்ளை இருக்கிறதா என்று பார்க்க. ஒவ்வொரு முறையும் இல்லை என்று ஒரு தாள் கொடுப்பார்கள். வயிற்றில் இல்லாததற்குச் சான்றிதழ் உண்டு. ஊரில் இருப்பதற்குக் கட்டம்கூடக் கிடையாது.

இரண்டாவது வீட்டுக்கு வந்த முதல் வாரம் ஐயா கேட்டார், “உனக்குப் பிள்ளைங்க?” வாய்தவறி உண்மையைச் சொல்லிவிட்டேன். அவர் பெயர் என்ன, என்ன படிக்கிறான் என்று கேட்டார். அவ்வளவுதான். வானம் இடிந்து விழவில்லை. அதற்குள் முரளிக்கு ஆறு வயது.

இப்போது பதினாறு. சுமதியை அம்மா என்கிறான். அதில் எனக்குக் குறையில்லை, அவள்தான் வளர்த்தாள். சின்னவனாக இருந்தபோது என்னைச் சிங்கப்பூர் அம்மா என்பான். வளர வளர அது சுருங்கிவிட்டது. நான் போன் செய்தால், எடுத்து, “ம்மா, சிங்கப்பூர் லைன்ல இருக்குது” என்று கத்துகிறான்.

புத்தகத்தை ஐயாவின் அட்டையில் இரவல் வாங்கி வந்திருந்தோம். மூன்று புள்ளியில் என்ன போனது என்று ஐயாவிடம் சொல்லியிருந்தேன். திருப்பிக் கொடுக்க வேண்டிய அன்று காலை, ஐயா என்னை நாற்காலிக்குப் பக்கத்தில் கூப்பிட்டார்.

“அந்த மூணு புள்ளி மேல எழுதிடு.”

“லைப்ரரி புக்குங்க ஐயா. பைன் போடுவாங்க.”

“இந்த ஊர்ல எதுக்குத்தான் பைன் இல்ல? எழுது. கேட்டா கிழவனுக்கு மூளை குழம்பிடுச்சுன்னு சொல்லு.”

எழுதினேன். பேனாவால், சின்ன எழுத்தில், வரிக்கு மேலே இடம் போதாமல் ஓரத்திலும். முரளி, விளக்கு, அப்பளம். கடைசியில், ‘செல்விக்கு ஒரு மகன் உண்டு’ என்று. நாற்பத்து நாலு வயதில் நான் செய்த முதல் குற்றம். யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுக்கும் பெட்டியில் போட்டேன். மனதுக்குள் ஒரு திருப்தியும் இருந்தது.

5

அந்த ஞாயிற்றுக்கிழமை தம்பிக்குப் போன் போட்டேன்.

“அக்கா! படிச்சிட்டியா? சிங்கப்பூர் லைப்ரரிலயே இருக்குதா? சுமதி, கேட்டியா? சிங்கப்பூர்ல நம்ம புக்கு!”

“முரளி எங்கடா?”

“டியூஷன் போயிருக்கான்.”

“நான் புக்குல கேக்கறேன்.”

“அது வந்துக்கா... படிக்கிறவங்க மனசு தளரக் கூடாது. பாசிட்டிவா இருக்கணும். பெத்த புள்ளைய உட்டுட்டுப் போனவன்னு போட்டா உன்னத்தான் தப்பா பேசுவாங்க. உன் நல்லதுக்குத்தான் எடுத்தேன்.”

“என்னைத் தப்பா பேசினா நான் பாத்துக்கறேன். அவனை எதுக்கு எடுத்தே?”

“சரி, கோச்சுக்காத. அடுத்த பதிப்புல அடிக்குறிப்பு ஒண்ணு போட்டுடறேன்.”

என் மகன் அடிக்குறிப்பு. கோபம் வரும் நேரத்தில் என் கூச்சம் எப்போதும் முந்திக்கொள்ளும், “ம்” என்றேன். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டு தம்பி பேச்சை மாற்றினான்.

“இங்க ஒருத்தங்க உக்காந்திருக்காங்கக்கா. அடி அண்ணாமலைல, பௌர்ணமிக்கு நான் புக்கு விக்கிற எடத்துக்குப் பக்கத்துல கடை. உன் பாடத்தப் படிச்சிட்டு சிங்கப்பூர் கெளம்பறாங்க. புதன்கிழமை ஏஜென்ட் கிட்ட பார்ம் குடுக்கணும். ரெண்டு வார்த்தை தைரியம் சொல்லு.”

நான் வேண்டாம் என்பதற்குள் போன் கை மாறிவிட்டது.

“வணக்கங்கக்கா. நான் வசந்தா. மலை சுத்த வர்றவங்களுக்கு லெமன் ஜூசு, தண்ணி பாட்டில் விக்கிறேங்க. உங்க பாடத்த மூணு வாட்டி படிச்சேன். உங்களால முடிஞ்சுதுன்னா என்னாலயும் முடியும்னு ஒரு இது வந்துச்சுங்க.”

முப்பது வயதுக் குரல். சிரிப்பு கலந்த குரல்.

“உனக்குப் பசங்க எத்தினி?” என்று கேட்டேன்.

“ஒண்ணுங்க. பொண்ணு. காவ்யா. நாலு வயசு ஆவுது.”

“பார்ம்ல எழுதிட்டியா?”

“அந்தக் கட்டத்துல கோடு போட்டுடுன்னாரு ஏஜென்ட்டு. உங்களுக்கும் அப்படித்தான் போட்டாங்களாம், அண்ணன் சொன்னாரு.”

தம்பிக்கு அந்தக் கோடு தெரியும். நான்தான் எப்போதோ சொல்லியிருக்கிறேன். நான் அழுதுகொண்டு சொன்னதை அவன் உபாயமாக எடுத்துக்கொண்டிருக்கிறான். காசு கொடுத்து வாங்கிய போன் அட்டையில் நிமிடங்கள் ஓடிக்கொண்டிருந்தன. என் வாயிலிருந்து வந்த குரல் எனக்கே புதிதாக இருந்தது.

“வசந்தா, வராதேன்னு நான் சொல்ல மாட்டேன். உன் கஷ்டம் எனக்குத் தெரியாது. அந்தக் கோட்ட அழிச்சிட்டு உன் பொண்ணு பேர எழுது.”

“எழுதினா எடுக்க மாட்டாங்களாமே?”

“எடுக்கலைன்னா வராதே.”

“நீங்க மட்டும் வந்துட்டீங்களே?”

சுருக்கென்றது. நியாயமான கேள்வி.

“வந்துட்டேன். பார்ம்ல ஒரு கோடுதான் போட்டேன். எம் பையனுக்கு டைபாய்டு வந்தப்ப, எனக்குப் பையன் இருக்கான்னே என்னால சொல்ல முடியல. ஒரு போன் கேக்க முடியல. துணி மடிச்சிக்கிட்டு இருந்தேன். எங்க தம்பி புக்குல அது இருக்குதா பாரு.”

“இல்லைங்க,” என்றாள். சிரிப்பு போய்விட்டது. “பையன் இருக்கான்னே அதுல இல்லைங்க. உங்களுக்கும் கோடுன்னதும், நெசமாவே கொழந்தை இல்லாததால போட்டீங்கன்னு நெனச்சேன். தனி ஆளு, அதான் தெகிரியமா போயிருக்காங்கன்னு... பயமுறுத்தறீங்கக்கா. தைரியம் சொல்வீங்கன்னாரு அண்ணன்.”

“இதுதாம்மா எங்கிட்ட இருக்குது.”

தம்பி போனைப் பிடுங்கிக்கொண்டான். “இன்னாக்கா இப்படிப் பண்றே? ஒருத்தர் முன்னேற்றத்த இப்படிக் கெடுக்கலாமா?” என்று கேட்டான். அவன் எழுதிய புத்தகத்தில் ‘எதிர்மறை மனிதர்களைத் தவிர்’ என்று ஒரு பாடம் உண்டு. அதில் நான் சேர்ந்துவிட்டேன்.

பின்னால் முரளியின் குரல் கேட்டது, டியூஷனிலிருந்து வந்துவிட்டான். அவனிடம் கொடுக்கச் சொன்னேன்.

“மாமா புக்குல நீ இல்லடா. நான் கேட்டிருக்கேன். சேக்கச் சொல்லியிருக்கேன்.”

“இல்லாததே நல்லதுதான். ஸ்கூல்ல பசங்க கிண்டல் பண்ணுவானுங்க,” என்றான். பிறகு, வைப்பதற்கு முன், “யாரு சேக்கச் சொன்னாங்க, நீயா?” என்று கேட்டான்.

“ஆமா.”

“சரி,” என்றான். அவன் சரியில் என்ன இருந்தது என்று இன்றுவரை யோசிக்கிறேன்.

6

புதன்கிழமை என்ன நடந்தது என்று தம்பி சொல்லவில்லை. என்னோடு பேசுவதைக் குறைத்துக்கொண்டான். சுமதிதான் விவரம் சொன்னாள். வசந்தா கோட்டை அடித்துவிட்டு, கட்டத்தில் இடம் போதாமல் வெளியே தள்ளி ‘காவ்யா’ என்று எழுதிக் கொடுத்தாளாம். ஏஜென்ட் புதுப் படிவம் எடுத்து நீட்டினாராம். அதிலும் அதையே எழுதினாளாம். இப்போது ரமணாசிரமத்துப் பக்கம் ஒரு கெஸ்ட் ஹவுஸில் துணி துவைக்கிறாள் என்று சொல்லி, அங்கே உள்ள போன் நம்பரும் கொடுத்தாள்.

ஒரு வாரம் தயங்கினேன். நான் கெடுத்துவிட்டேனா என்று தெரியாமல் தூக்கம் வரவில்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் ஐயா தூங்கியதும் கூப்பிட்டேன்.

“ஆங், சொல்லுங்கக்கா,” என்றாள். பின்னால் வாளிச் சத்தம்.

“எங்கியும் எடுக்கலையா?”

“இல்லைங்க. பார்ம வெச்சிருக்கேன், யாராவது கேட்டா சொல்றேன்னாரு ஏஜென்ட்டு. எங்க கேக்கப் போறாங்க. இங்க சம்பளம் கம்மிதான். வெள்ளக்காரங்க போர்வையெல்லாம் இம்மாம் நீளம், புழிய முடியல.”

“எம்மேல கோவமா?”

“இருக்குதுங்க,” என்றாள் உடனே. “ஏன் பொய் சொல்லணும்? போயிருந்தா ரெண்டு வருசத்துல ஒரு ரூம்பு கட்டியிருப்பேன். நெனச்சா உங்க மேலதான் கோவம் வருது. உங்க தம்பி மேலயும் வருது. அந்தப் பேர எழுதுனதுக்கு அப்பறம் அடிக்க எனக்குத்தான் கை வரல. இப்பக் கோவப்பட்டு இன்னா... ஏய்! காவ்யா! அதத் தொடாதே, சோப்புத் தண்ணிடீ அது!”

ஏதோ கவிழ்ந்த சத்தம். குழந்தை வீறிட்டுச் சிரித்தது.

“இருங்கக்கா,” என்று போனை எங்கேயோ வைத்துவிட்டு ஓடினாள்.

நான் இதைத் தைரியம் என்றோ வெற்றி என்றோ எழுத மாட்டேன். அவள் ரூம்பு கட்டவில்லை. என்னை மன்னிக்கவும் இல்லை. அவளுக்கு நான் செய்தது நல்லதா கெட்டதா என்று இன்னும் பத்து வருடம் போனாலும் யாரும் சொல்ல முடியாது. யாராவது இதையும் எடுத்துப் பாடமாகப் போட்டால், ஒரு வரியையும் விடாமல் போடட்டும்.

அவள் திரும்பி வந்து போனை எடுக்கவில்லை. மறந்துவிட்டாள். “ஒரு நிமிசம் சும்மா இருக்கியாடீ நீ? எம் புடவைய உடு. இன்னும் ஒரு வாட்டி வாளில கைய வெச்சே, அவ்ளோதான்!” என்று தூரத்தில் திட்டிக்கொண்டிருந்தாள். மகள் எதற்கும் அசையாமல் அம்மா, அம்மா என்று எதையோ கேட்டு நச்சரித்துக்கொண்டிருந்தாள்.

போன் அட்டையில் இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது. தீரும் வரை நின்று கேட்டேன்.